அழுதால் ஈமான் போய்விடுமா?

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து 36 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கமாகத் தருகிறேன்.

கணவர் 11 வருடம் சவூதி அரேபியாவின் தமாமில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்த சபுராளி (வெளிநாட்டில் சம்பாதிப்பவர்). அந்தக் கடை மூடப்பட்டதும் ஊர் திரும்பி, கையில் இருந்ததோடு கடனும் வாங்கி செல்போன் கடை போட்டார். இரண்டு வருடம்கூட ஓடவில்லை. இன்று மிச்சம் இருப்பது கடன்தான்: சகோதரியின் பேரில் இரண்டு குழு லோன், கணவர் தனியாரிடம் வாங்கிய வட்டிக் கடன், பேங்கில் அடகு வைத்த நகை. காலையில் பள்ளிவாசலுக்குப் போகும் கணவர் லுஹர் (நண்பகல் தொழுகை) முடிந்துதான் வீடு திரும்புகிறார். சென்னை மண்ணடியில் சொந்தக்காரர் கடையில் வேலை தயாராக இருக்கிறது, போக மறுக்கிறார். கேட்டால், “ரிஸ்க் கொடுக்கிறவன் அல்லாஹ், உனக்குத்தான் தவக்குல் இல்லை” என்கிறார். ரிஸ்க் என்றால் வாழ்வாதாரம், தவக்குல் என்றால் அல்லாஹ்வைச் சார்ந்திருப்பது. ‘அல்லாஹ்வைச் சார்ந்திருப்பவருக்கு அவனே போதுமானவன்’ என்று ஹாலில் மாட்டியிருக்கும் ஆயத்தை (குர்ஆன் வசனத்தை) மாமியும் (மாமியாரும்) கை காட்டுகிறார்.

சகோதரி இரவு மூன்று மணிக்கு விழித்துவிடுகிறார். தஹஜ்ஜுத் என்ற பின்னிரவுத் தொழுகையில் நின்றால் அழுகை நிற்பதில்லை. சாப்பாடு இறங்கவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்பே தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டார். காசு மிச்சமாகும் என்பது ஒரு காரணம், ‘ஷிஃபா (குணம்) கொடுப்பவன் அல்லாஹ்தானே’ என்பது இன்னொன்று. 40 நாள் ஓதினால் கடன் தீரும் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு துஆவை (பிரார்த்தனையை) விடாமல் ஓதினார். தீரவில்லை. அப்புறம் அதே வாட்ஸ்அப்பில், ‘காஃபிர்களை (இறைமறுப்பாளர்களை) தவிர வேறு யாரும் அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்க மாட்டார்கள்’ என்ற ஆயத் வந்தது. அன்றிலிருந்து தனக்கு ஈமானே (இறைநம்பிக்கையே) போய்விட்டது என்று நினைக்கிறார். “காலையில் கண் விழிக்காமலே போனால் நல்லது என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதே பாவம் என்றும் தோன்றுகிறது” என்கிறார்.

அவருடைய கேள்விகள்: என் ஈமான் போய்விட்டதா? நான் வேலைக்குப் போனால் அது தவக்குலுக்கு எதிரா? வட்டிக்கு வாங்கியதால் வந்த தண்டனையா இது? மிச்சமிருக்கும் ஐந்து பவுனை விற்கச் சொல்கிறார்கள், விற்கலாமா? ஜகாத் (கடமையான தர்மம்) கொடுத்த குடும்பம் ஜகாத் வாங்கலாமா?

வஅலைக்குமுஸ்ஸலாம் சகோதரி. நான் மனநல ஆலோசகர், ஆலிமா (மார்க்க அறிஞர்) அல்ல. சட்டத் தீர்ப்பு வேண்டிய இடங்களில் ஆலிமிடம் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் உங்கள் நோயும் உங்கள் மார்க்கமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்றைத் தொடாமல் இன்னொன்றைப் பேச முடியாது.

முதலில் அந்த மூன்று மணி

கண் விழிக்காமலே போனால் நல்லது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. இதோடு நிற்கிறதா, இல்லை உங்களை நீங்களே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணமும் வருகிறதா? எப்படி என்றுகூட யோசித்ததுண்டா? ஆம் என்றால், இந்தப் பதிலின் மீதியை அப்புறம் படிக்கலாம். இப்போதே லாத்தாவையோ (அக்காவையோ) உம்மாவையோ கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள், இன்று இரவு தனியாகப் படுக்க வேண்டாம். 14416 என்ற எண் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் பேசலாம். பெயர் சொல்லித்தான் பேச வேண்டும் என்பதில்லை.

அப்படித் தோன்றுவதே பாவமா என்று கேட்கிறீர்கள். ஈஸா நபியின் தாயார் மர்யம் அலைஹிஸ்ஸலாம் பிரசவ வலியில் பேரீச்ச மரத்தடியில் என்ன சொன்னார்கள் என்று குர்ஆனின் 19ஆவது சூராவை (அத்தியாயத்தை) எடுத்துப் பாருங்கள். “இதற்கு முன்பே நான் செத்து, அடியோடு மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா!” குர்ஆனில் பெயர் சொல்லிப் போற்றப்படும் பெண்ணின் வாயிலிருந்து வந்த சொல் இது. அதற்கு வந்த பதிலில் கண்டிப்பு ஒரு சொல்கூட இல்லை. கவலைப்படாதே, உன் காலடியில் நீரோடை இருக்கிறது, மரத்தை உன் பக்கம் குலுக்கு, பழம் விழும், சாப்பிடு, குடி, கண் குளிர்ந்திரு என்றுதான் வந்தது. ‘உனக்கு ஈமான் இல்லையா’ என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கஷ்டத்துக்காக மரணத்தை ஆசைப்பட வேண்டாம் என்று நபி (ஸல்) தடுத்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அதே ஹதீஸில் (நபிமொழியில்), தாங்க முடியாதவர் என்ன துஆ கேட்கலாம் என்றும் சொல்லித் தந்தார்கள்: “வாழ்வது எனக்கு நல்லதாக இருக்கும்வரை என்னை வாழ வை, மரணம் எனக்கு நல்லதாக இருக்கும்போது என்னைக் கைப்பற்று.” மனம் அந்த அளவுக்குப் போகும் என்பது தெரிந்ததால்தானே அதற்கென்று ஒரு துஆ?

அடுத்தது மாத்திரை. இதில் கண்டிப்பாகவே பேசப்போகிறேன். விடியுமுன் விழித்துக்கொள்வது, காரணமில்லாமல் அழுகை, பசியின்மை, எதிலும் மனம் பதியாமை எல்லாம் மனச்சோர்வு நோயின் அறிகுறிகள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சோர்வு, மந்தம், மனச்சோர்வு வரும். ஐந்து மாதம் மாத்திரை இல்லாத உடம்பு அது. நீங்கள் ‘ஈமான் பலவீனம்’ என்று பேர் வைத்திருப்பதில் எத்தனை பங்கு தைராய்டு என்று ரத்தப் பரிசோதனை செய்யாமல் யாராலும் சொல்ல முடியாது. இந்த வாரமே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், டிஎஸ்எச் பரிசோதனை கேளுங்கள். பழைய அளவை நீங்களாகவே தொடங்க வேண்டாம், மருத்துவர் சொல்லட்டும். வெளியில் வாங்கினாலும் பெரிய விலையுள்ள மாத்திரை இல்லை அது. மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, அங்கேயும் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

ஷிஃபா அல்லாஹ்விடமிருந்துதான். அதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. கிராமத்து அரபிகள் வந்து, “நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா?” என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, “செய்துகொள்ளுங்கள், அல்லாஹ்வின் அடியார்களே” என்றார்கள். முதுமை தவிர எல்லா நோய்க்கும் மருந்து வைத்திருக்கிறான் என்றும் சொன்னார்கள். துக்க வீட்டில் நபியின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்கள் தல்பீனா என்ற கஞ்சி காய்ச்சச் சொல்வார்கள் என்று புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அது நோயாளியின் நெஞ்சுக்கு ஆறுதல், துக்கத்தைக் கொஞ்சம் போக்கும் என்று நபி (ஸல்) சொல்லக் கேட்டதாக அவர்களே காரணமும் சொல்கிறார்கள். துக்கத்துக்கு வயிற்றிலும் வைத்தியம் பார்த்தார்கள். நீங்கள் சாப்பிடாமல் இருப்பது ஒன்றும் இபாதத் (இறைவணக்கம்) ஆகாது.

அந்த ஆயத்தைச் சொன்னது யார்?

உங்களைத் தூங்கவிடாமல் செய்த அந்த வாட்ஸ்அப் ஆயத், சூரா யூசுஃபில் 87ஆவது. அதைச் சொல்கிறவர் யஃகூப் நபி (அலை). யாரிடம்? தன் பிள்ளைகளிடம். எந்த நிலையில்? மூன்று ஆயத் பின்னால் போய் 84ஐப் படியுங்கள்: காணாமல் போன மகன் யூசுஃபை நினைத்துத் துயரப்பட்டே அவர் கண்கள் வெளுத்துவிட்டன. பிள்ளைகளே சலித்துப்போய், “யூசுஃப் நினைப்பிலேயே நீங்கள் நலிந்து அழிந்துவிடுவீர்கள்” என்கிறார்கள். “என் துக்கத்தையும் கவலையையும் நான் அல்லாஹ்விடம்தான் முறையிடுகிறேன்” என்கிறார் அவர். இதற்கெல்லாம் பிறகுதான், அழுது பார்வை மங்கிய அந்த மனிதர், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்கிறார்.

அழுகையும் நம்பிக்கை இழப்பும் ஒன்றாக இருந்தால் இந்த ஆயத்தை அவர் சொல்லியிருக்கவே முடியாது. நீங்கள் இரவு மூன்று மணிக்கு எழுந்து யாரிடம் போய் அழுகிறீர்கள்? நம்பிக்கை போனவர் முஸல்லாவை (தொழுகை விரிப்பை) விரிக்க மாட்டார்.

அதே ஆயத்தின் தொடக்கம் ஃபார்வர்டு செய்தவருக்குத் தேவைப்படவில்லை போலும். “என் மக்களே, போய் யூசுஃபையும் அவர் சகோதரரையும் தேடுங்கள்” என்றுதான் அது தொடங்குகிறது. அதற்கும் முன்னால் 67ஆவது ஆயத்தில், எல்லோரும் ஒரே வாசல் வழியாக நுழையாதீர்கள், வெவ்வேறு வாசல்களில் நுழையுங்கள் என்று யோசனை சொல்லிவிட்டு, அந்த மூச்சிலேயே “அவன் மீதே நான் தவக்குல் வைத்தேன்” என்கிறார். அழுகை, தேடல், திட்டம், தவக்குல் எல்லாம் ஒரே மனிதரிடம், ஒரே கதையில் இருக்கின்றன. துண்டு துண்டாக வெட்டி அனுப்பும்போதுதான் ஒன்று இன்னொன்றுக்கு எதிராகிறது.

அந்த 40 நாள் துஆவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துஆ கேட்டதில் தவறில்லை. ஆனால் நாள் குறித்து முடிவுக்கு உத்தரவாதம் கொடுத்தவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. 41ஆவது நாள் கடன்காரர் வந்து நின்றதும் நீங்கள் உங்களையே சந்தேகப்பட ஆரம்பித்தீர்கள், பாருங்கள். நபி (ஸல்) அடிக்கடி கேட்ட ஒரு துஆ புகாரியில் இருக்கிறது. கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கோழைத்தனம், கஞ்சத்தனம், கடன் சுமை, மனிதர்களின் அடக்குமுறை இவற்றிலிருந்து பாதுகாப்புக் கேட்பது. உங்கள் வீட்டுக் கணக்கு முழுவதும் அதில் இருக்கிறது! தேதி மட்டும் இல்லை.

கணவர் விஷயம்

ஹாலில் தொங்கும் ஆயத் எந்த சூராவில் இருக்கிறது என்று வீட்டில் யாராவது பார்த்தீர்களா? அத்தலாக். விவாகரத்து பற்றிய சூரா. இத்தாவை (மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் காலத்தை) கணக்கிடுங்கள், இரண்டு சாட்சி வையுங்கள், மனைவியை வீட்டை விட்டு வெளியேற்றாதீர்கள், கர்ப்பமாக இருந்தால் பிரசவம்வரை செலவு கொடுங்கள், பால் கொடுத்தால் கூலி கொடுங்கள் என்று வரிசையாக நடைமுறைச் சட்டம். அதற்கு நடுவில்தான் ‘அவனே போதுமானவன்’ வருகிறது. நான்கு ஆயத் தள்ளி, “வசதியுள்ளவர் வசதிக்கேற்பச் செலவு செய்யட்டும், ரிஸ்க் சுருக்கப்பட்டவர் அல்லாஹ் கொடுத்ததிலிருந்து செலவு செய்யட்டும்” என்று வருகிறது. கஷ்டத்துக்குப் பின் அல்லாஹ் இலகுவை ஆக்குவான் என்ற வாக்குறுதி அந்தச் செலவுக் கடமையின் தொடர்ச்சியாகத்தான் வருகிறது. கையில் குறைவாக இருக்கும் கணவரையும் மார்க்கம் சும்மா இருக்க விடவில்லை.

இதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போய்விடாதீர்கள். ஆயத்துக்கு ஆயத், ஹதீஸுக்கு ஹதீஸ் என்று கணவனும் மனைவியும் மோதிக்கொண்ட எந்த வீட்டிலும் வேலை கிடைத்ததை நான் பார்த்ததில்லை.

கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் எழுதிய ஒரு வரி எனக்கு முக்கியமாகப் பட்டது: “கடைத்தெரு வழியாகப் போக மாட்டார், சுற்றித்தான் பள்ளிக்குப் போவார்.” 11 வருடம் ஊருக்குப் பணம் அனுப்பியவர், பெருநாளுக்குப் பெட்டியோடு வந்து இறங்கியவர். இன்று கடன் கொடுத்தவர் கண்ணில் படாமல் நடக்கிறார். அவர் பேசும் தவக்குலுக்கு அடியில் பெரிய வெட்கம் ஒன்று இருக்கலாம். சொந்தக்காரர் கடையில் சம்பளத்துக்கு நிற்பது அந்த வெட்கத்தை இன்னும் கிளறும் என்று பயப்படலாம். சோம்பேறி என்று முடிவு கட்டுமுன் இதையும் யோசியுங்கள். அவருக்கும் மனச்சோர்வு இருக்க வாய்ப்புண்டு. ஆண்களிடம் அது அழுகையாக வராமல் ஒதுங்கிப் போவதாகவும் எரிச்சலாகவும் வருவதை நிறையப் பார்க்கிறோம்.

மாமி இல்லாத நேரம் பார்த்து, பகலில், ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: “மச்சான், யாருக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுவோமா?” வேலை பற்றிய பேச்சு அன்றைக்கு வேண்டாம். கடன் முழுவதும் காகிதத்தில் வந்துவிட்டால் அடுத்த பேச்சு தானாக வரும். உங்கள் சொல் எடுபடாவிட்டால், அவர் மதிக்கும் ஒருவரை, உங்கள் காக்காவோ (அண்ணனோ) பள்ளி இமாமோ, தனியாகப் பேசச் சொல்லுங்கள். பள்ளியில் இவ்வளவு நேரம் இருப்பவருக்கு இமாமின் சொல் எடுபடலாம். பறவைகள் காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பி மாலையில் நிறைந்து திரும்புகின்றன என்ற ஹதீஸ் அவருக்கும் தெரிந்திருக்கும். கிளம்புகின்றன என்பதை இமாம் எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார், நீங்கள் சொன்னால் குத்திக்காட்டுவது போலாகிவிடும்.

நீங்கள் வேலைக்குப் போவது தவக்குலுக்கு எதிரானது இல்லை. குடும்பச் செலவு மார்க்கப்படி அவர் பொறுப்பு, அதை நீங்கள் ஏற்பது உபகாரம். நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி), கணவருக்கும் தன் பராமரிப்பில் இருந்த அனாதைகளுக்கும் தான் செலவு செய்வது தர்மமாகுமா என்று கேட்டுவிட்டபோது, இரண்டு கூலி உண்டு என்று பதில் வந்தது. தையல் தெரியும் என்கிறீர்கள், தொடங்குங்கள். ஆனால் உடம்பு தேறும்வரை கொஞ்சமாக.

கடன், நகை, ஜகாத்

வட்டிக்கு வாங்கியதால் தண்டனையா என்று கேட்டீர்கள். உங்கள் கஷ்டத்துக்கு மறைவான காரணம் இதுதான் என்று சொல்ல எந்த மனிதருக்கும் அதிகாரம் இல்லை, மாமிக்கும் இல்லை. மனது உறுத்தினால் தௌபா செய்யுங்கள் (பாவமன்னிப்புக் கேளுங்கள்), இனி வாங்காதீர்கள். இருக்கும் கடனை அடைக்கும் வேலையைப் பாருங்கள்.

குழு லோன் உங்கள் பேரில் இருப்பதால் சட்டப்படி நீங்கள்தான் பொறுப்பு. ஆனால் வசூலிக்க வருபவருக்கும் கட்டுப்பாடு உண்டு. ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த நுண்கடன் விதிப்படி காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. மிரட்டல், கெட்ட வார்த்தை கூடாது. வசூல் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட இடத்தில்தான். தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். அதனால் ஒளியாதீர்கள், கூட்டத்துக்குப் போங்கள். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அத்துமீறினால் முதலில் அந்த நிறுவனத்திடம் புகார், 30 நாளில் சரியாகாவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). விவரம் கேட்க 14448. தனியார் கடனில் மீட்டர் வட்டி, கந்து வட்டி கேட்டால் 2003 தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டப்படி அது குற்றம், போலீஸில் புகார் கொடுக்கலாம்.

ஐந்து பவுன் உங்களுடையது. மஹரானாலும் (கணவர் தந்த மணக்கொடை) உம்மா வீட்டில் போட்டதானாலும் உங்கள் சொத்து. மனமுவந்து கொடுத்தால்தான் கணவருக்கு ஆகும் என்று மஹர் பற்றி சூரா அந்நிஸாவின் நான்காவது ஆயத்தே சொல்கிறது. ஆகவே ‘தவக்குல் இருந்தால் கொடு’ என்ற பேச்சுக்கு இடமில்லை. தொழில்முறையில் என் யோசனை: இந்த மனநிலையில் விற்க வேண்டாம், நோட்டுக் கணக்கு முடியட்டும். பிறகு விற்பதாக முடிவு செய்தால், வட்டி அதிகமான ஒரு கடனை முழுசாக முடிக்க மட்டும் விற்று, கொடுத்த புரோ நோட்டையும் செக்கையும் கையோடு திரும்ப வாங்குங்கள். மாதத் தவணைக்குக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தால் நகையும் போகும், கடனும் நிற்கும்.

ஜகாத் வாங்கலாமா என்பதில் தயக்கமே வேண்டாம். சூரா அத்தவ்பாவின் 60ஆவது ஆயத் எட்டு வகையினரைச் சொல்கிறது. கடன்பட்டவர் அதில் தனி வகை. நீங்கள் தகுதிக்குள் வருகிறீர்களா என்பதை, மீதமுள்ள நகையையும் கணக்கில் சொல்லி, ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தகுதி இருந்தால் உங்கள் காக்காவே தன் ஜகாத்தை உங்களுக்குக் கொடுக்கலாம், உடன்பிறப்புக்குக் கொடுக்கத் தடையில்லை. பல ஊர்களில் பைத்துல்மால் (சமுதாயப் பொதுநிதி) வட்டியில்லாக் கடன் தருகிறது. மாவட்ட அளவில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இருக்கிறது, சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேளுங்கள். சிறுதொழில் கடனுக்குச் சிறுபான்மையினருக்கான அரசுக் கழகமான டாம்கோவும் உண்டு. அது வட்டியுள்ளது, குறைந்த வட்டிதான் என்றாலும் உங்கள் மனது ஒப்புமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமியிடம் இப்போதைக்கு எதையும் நிரூபிக்கப் போகாதீர்கள். மருத்துவமனைக்குப் போவதைக்கூட ‘தைராய்டு பார்க்கப் போகிறேன்’ என்று சொன்னால் போதும், பொய்யும் இல்லை. லாத்தாவைத் துணைக்குக் கூட்டிப் போங்கள். மூன்று மணிக்கு விழித்தால் தொழுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். ஆனால் போனை மட்டும் அந்த நேரத்தில் எடுக்க வேண்டாம். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள், அதை வைத்து அடுத்ததைப் பேசலாம்.